ஒன்றரை மணி நேரத்தில் ஓர் ஏரி மாயம்!
பனிக்கட்டி மேல் ஓடும் ஆறுகள் சொல்லும் சேதி

ஓர் ஏரி. அதன் பரப்பு 5.6 சதுர கிலோ மீட்டர். அதில் இருந்த தண்ணீர் 4,400 கோடி லிட்டர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் லாரிகளில் ஏற்றினால், 44 லட்சம் லாரிகள் வேண்டும்!

2006-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி அந்த ஏரி காலியாயிற்று. எவ்வளவு நேரத்தில் தெரியுமா? சுமார் ஒன்றரை மணி நேரத்தில்!

கரை உடையவில்லை. மதகையும் யாரும் திறக்கவில்லை. ஏரியின் தரை பிளந்தது. தண்ணீர் உள்ளே போய்விட்டது.

இது நடந்த இடம் வட துருவத்தை அடுத்த கிரீன்லாந்து. உலகிலேயே பெரிய தீவு அதுதான். அதில் ஐந்தில் நான்கு பங்கு நிலத்தைப் பனிக்கட்டி மூடியிருக்கிறது. அந்த ஏரியும் பனிக்கட்டியின் மேல்தான் இருந்தது.

கோடையில் பிறக்கும் ஆறுகள்

கோடையில் அங்கே நடுராத்திரியிலும் சூரியன் மறையாத நாட்கள் உண்டு. அப்போது மேல்பனி உருகும். உருகிய நீர் ஓடையாகும். ஓடைகள் சேர்ந்து ஆறாகும். பள்ளம் கண்ட இடத்தில் ஏரியாகத் தேங்கும். குளிர்காலம் வந்தால், பெரும்பாலும் மறுபடி உறைந்துவிடும்.

இந்த ஆறுகள் எங்கே போகின்றன? 2012-ம் ஆண்டு ஜூலையில், தென்மேற்குக் கிரீன்லாந்தில் 523 ஆற்றுத் தொகுதிகளை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். அத்தனையும் பனிக்கட்டியில் உள்ள கிணறு போன்ற குழிகளில் விழுந்து மறைந்தன!

தண்ணீரே ஆப்பு

கல் போன்ற பனிக்கட்டியைத் தண்ணீர் எப்படிப் பிளக்கும்?

விறகில் ஆப்பு வைத்து அடித்தால் பிளக்கிறது அல்லவா? அதுபோலத்தான். பனிக்கட்டியை விடத் தண்ணீர் கனமானது. வெறும் விரிசல் தானாக மூடிக்கொள்ளும். தண்ணீர் நிறைந்த விரிசல் மூடாது. மேலும் மேலும் ஆழமாக இறங்கும்.

அந்த ஏரிக்கு அடியில் பனிக்கட்டியின் கனம் சுமார் 3,200 அடி. தண்ணீர் அத்தனையும் துளைத்துக்கொண்டு பாறையைத் தொட்டது. பனிக்கட்டி 4 அடி உயரம் மேலே எழும்பியது. சாரா தாஸ், இயான் ஜோகின் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் வைத்திருந்த கருவிகள் இதை அளந்து காட்டின.

பயப்பட வேண்டுமா?

அடியில் தண்ணீர் புகுந்தால், ஈரத் தரையில் கால் வழுக்குவது போல் பனிக்கட்டி வேகமாக நகரும். ஆனால் நாளடைவில் தண்ணீர் வடியக் கால்வாய்கள் உண்டாகி, வேகம் குறைந்துவிடுகிறது. ஆகவே கிரீன்லாந்து நாளைக்கே சரிந்துவிடாது.

அதற்காக அலட்சியமும் கூடாது. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். தண்ணீர் வெயிலைக் குடிக்கும். எனவே ஏரி பெருகப் பெருக உருகுவதும் பெருகும்.

தென் துருவக் கண்டத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே லார்சன்-பி என்ற மிதக்கும் பனிக்கட்டித் தட்டின் மேல் ஏராளமான குளங்கள் தோன்றின. 2002-ம் ஆண்டு தொடக்கத்தில், ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள், 3,250 சதுர கிலோ மீட்டர் பரப்பு நொறுங்கிப் போயிற்று! குளத்து நீர் விரிசல்களில் இறங்கியது முக்கிய காரணம் என்பது விஞ்ஞானிகள் கருத்து. தடுப்பு போனதும், பின்னால் இருந்த பனியாறுகள் வேகமாகக் கடலில் இறங்கின.

2002 முதல் 2023 வரை கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரி 25,000 கோடி டன்னுக்கு மேல் பனிக்கட்டியை இழந்திருக்கிறது. அங்குள்ள பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்கள் 24 அடி உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும். ஆனால் நிலக்கரியும் பெட்ரோலும் எரித்துப் பூமியைச் சூடாக்குவது இன்றைய மனிதர்கள். அதைக் குறைப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

பனிக்கட்டி கெட்டியாக இருக்கிறதே என்று நம்பி இருக்க முடியாது. விரிசல் விழுந்த பிறகு, ஓர் ஏரிக்கு ஒன்றரை மணி நேரம்தான் கிடைத்தது!