பெயர் ஒரு நோட்டில், தொகை ஒரு நோட்டில்

நம் ஊர்க் கல்யாண வீடுகளில் மொய் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். மேஜை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணத்தை எண்ணுவார், ஒருவர் எழுதுவார். பெயரும் ஊரும் தொகையும் ஒரே வரியில் ஏறும். பெயர்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, தொகைகளையெல்லாம் வேறொரு நோட்டில் எழுதி, "ராத்திரி வீட்டுக்குப் போய் ரெண்டையும் சேர்த்துக்கிடுவோம்" என்று யாராவது சொன்னால் அவரை மொய் மேஜைப் பக்கமே விடமாட்டார்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டாத பெரியவருக்கும் இது தெரியும்.

கம்ப்யூட்டர் தெரிந்த எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

ஓய்வு பெற்ற பிறகு பொழுது போக்க பிஎச்பி என்ற வலை மொழியைக் கற்றுக்கொண்டேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தன் சொந்தப் பக்கத்தை யார் யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள 1994 வாக்கில் எழுதத் தொடங்கியது. பிறகு உலகத்தில் பாதி வலைத்தளங்கள் அதில்தான் ஓடின. அந்த மொழியில் அர்ரே கம்பைன் என்று ஒரு கட்டளை உண்டு. 2004-ல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து இருக்கிறது. அதன் வேலை சுலபமானது. ஒரு பட்டியலைக் கொடுத்தால் அதைச் சாவிகளாக எடுத்துக்கொள்ளும். இரண்டாவது பட்டியலை மதிப்புகளாக எடுத்துக்கொள்ளும். முதலாவதுக்கு முதலாவது, இரண்டாவதுக்கு இரண்டாவது என்று ஜோடி சேர்த்து, சாவியைச் சொன்னால் மதிப்பைத் தரும் ஒரு தொகுப்பாக்கிவிடும். ஒரே வரி. முதன்முதலில் செய்து பார்த்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எங்கள் பகுதியில் ஓய்வூதியர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய மருத்துவ நிதி ஒன்று இருக்கிறது. 41 உறுப்பினர்கள். மாதாமாதம் ஆஸ்பத்திரி, மருந்து பில் கொடுப்பவர்களுக்கு ஒரு பங்கு அவரவர் வங்கிக் கணக்குக்குப் போகும். பெயர்ப் பட்டியல் செயலாளரிடம், கணக்கு எண் பட்டியல் பொருளாளரிடம். "அக்கவுண்ட் நம்பர் பத்து பேர் கையில் இருக்க வேண்டாம்" என்ற நல்ல எண்ணத்தில் பிரித்து வைத்திருந்தார்கள். இரண்டையும் மாதம் ஒருமுறை சேர்த்து, யார் கணக்கில் எவ்வளவு போட வேண்டும் என்று தாள் எடுத்துக் கொடுக்கும் புரோகிராமை எழுதியவன் நான். சம்பளம் கிடையாது. ஒரு காபி உண்டு.

ஆடி மாதம் ஓர் உறுப்பினர் காலமானார். வரிசையில் 23-வது பெயர். ஆவணியில் செயலாளர் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த ஒருவரின் பெயரைக் கடைசியில் சேர்த்தார். பெயர்கள் 41. பொருளாளர் பக்கத்தில் காலமானவரின் எண்ணை இன்னும் எடுக்கவில்லை, புதியவர் பாஸ்புக் நகலை இன்னும் கொடுக்கவில்லை. எண்களும் 41. நான் வழக்கம்போல் இரண்டையும் போட்டு ஓட்டினேன். புரோகிராம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தாளைக் கொடுத்தது.

முதல் 22 பேருக்கு எல்லாம் சரி. செயலாளர், பொருளாளர், நான் மூவருமே அந்த 22-க்குள் இருக்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 23 முதல் 41 வரை 19 பெயர்கள், ஒவ்வொன்றும் தனக்கு முந்தியவரின் கணக்கு எண்ணோடு போய் ஒட்டிக்கொண்டது. நெஃப்டில் பணம் அனுப்பினால் கணக்கு எண்ணை வைத்துத்தான் வரவு வைப்பார்கள். பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை. அனுப்புமுன் பெயரைக் காட்டும் வசதி இப்போது வந்திருக்கிறது. நாங்கள் அதைப் பார்க்கவில்லை.

நாலு நாள் கழித்து, காலமானவரின் மனைவி வீட்டுக்கு வந்தார். கையில் பாஸ்புக். "அண்ணாச்சி, அவுக போயி மாசம் ஒண்ணு ஓடிட்டு. இப்பப் போயி பதினெட்டாயிரம் வந்து விழுந்திருக்கு. யாரு பணமோ தெரியல, நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

அந்த 18,000 அடுத்த வரிசைக்காரருக்குப் போக வேண்டியது. மனைவியின் கண் ஆபரேஷனுக்காக. அவர் கணக்கில் விழுந்தது 1,150 ரூபாய், அவருக்கும் அடுத்தவருடைய சர்க்கரை மாத்திரைப் பணம். அவர் என்ன நினைத்தார் தெரியுமா? தன் பில்லை நிதிக்காரர்கள் வெட்டிவிட்டார்கள் என்று. கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று கேட்காமல், வளையலை அடகு வைத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டியிருக்கிறார். அன்று சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து நான் விஷயத்தைச் சொன்னபோது, அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். இது தட்டச்சுப் பிழை இல்லை, புரோகிராமில் பிழையும் இல்லை. தனித்தனியாக வளரும் இரண்டு பட்டியல்களை வரிசை எண்ணை மட்டும் நம்பிச் சேர்க்கலாம் என்று நினைத்ததே பிழை. இதை ஒத்துக்கொள்ளாத இளைஞர்கள் இருக்கிறார்கள். "எண்ணிக்கை சரியா என்று பார்த்துக்கொண்டால் போதும் சார்" என்கிறார்கள். எண்ணிக்கையை அந்த மொழியே பார்க்கிறது. முன்பெல்லாம் இரண்டு பட்டியலும் சமமில்லை என்றால் ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு, 'இல்லை' என்ற விடையைத் தந்துவிட்டு, மேலே போய்க்கொண்டே இருக்கும். 2020 நவம்பரில் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து பிழை என்று சொல்லி வேலையை நிறுத்திவிடுகிறது. நல்ல மாற்றம்தான். பைத்தான் மொழியில் இதே வேலைக்கு உள்ள ஜிப், நீளமான பட்டியலின் மிச்சத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். சமமாக இருந்தே தீர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லும் வசதி அதற்கு 2021-ல்தான் வந்தது. ஆனால் என் கதையில் 41-க்கு 41. எண்ணிக்கை சரியாக இருந்ததுதான் என்னைக் கவிழ்த்தது.

நம் ஆற்றங்கரையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. நவகைலாயங்கள் ஒன்பது. உரோமச முனிவர் தாமிரபரணியில் விட்ட ஒன்பது பூக்கள் கரை ஒதுங்கிய இடங்கள் என்பது ஐதிகம். ஆற்றோட்டத்தின் வரிசையில் சொன்னால் பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம். ஒன்பது கிரகங்களை நாம் சொல்லும் வரிசை சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், சுக்கிரன், சனி, ராகு, கேது. ஒன்பதுக்கு ஒன்பது. அர்ரே கம்பைனிடம் கொடுத்தால் மகிழ்ச்சியாகச் சேர்த்துத் தரும். பாபநாசம் சூரியன், சரி. சேரன்மகாதேவி சந்திரன், சரி. கோடகநல்லூர் செவ்வாய், சரி. மூன்றைச் சரிபார்த்தவன் தாளை மூடி வைத்துவிடுவான். நாலாவது குன்னத்தூருக்குப் புதன் என்று வரும். குன்னத்தூர் ராகு தலம். முறப்பநாட்டுக்கு வியாழன் என்று தற்செயலாகச் சரியாக வரும். பிறகு நாலும் தப்பு. சனிக்கு ஸ்ரீவைகுண்டம் போக வேண்டியவர் தென்திருப்பேரைக்குப் போய், அங்கே புதனுக்கு உரிய சந்நிதியில் நிற்பார். சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார், அது வேறு.

நவதிருப்பதியையும் சேர்த்து 18 தலங்களாக ஒரே தொகுப்பில் போட நினைத்தால் இன்னொரு வம்பு. ஸ்ரீவைகுண்டம் இரண்டிலும் இருக்கிறது. பெருமாள் கோவில் சூரியனுக்கு, கைலாசநாதர் கோவில் சனிக்கு. தென்திருப்பேரையும் அப்படியே. பெருமாள் பக்கம் சுக்கிரன், சிவன் பக்கம் புதன். ஒரே சாவி இரண்டு முறை வந்தால் பிஎச்பி பின்னால் வந்ததை வைத்துக்கொண்டு முன்னால் வந்ததை அழித்துவிடும். எச்சரிக்கை கிடையாது. இரட்டைத் திருப்பதியின் ராகுவும் கேதுவும் ஒரே ஊர்ப் பெயரில் மோதிக்கொள்வார்கள், கேது மிஞ்சுவார். 18 தலங்களைப் போட்டு எண்ணிப் பார்த்தால் 15 இருக்கும். தாத்தா பெயரையே பேரனுக்கு வைக்கும் நம் ஜில்லாவில், எந்தத் தெருவிலும் இரண்டு சுப்பிரமணியனும் இரண்டு அருணாசலமும் இருப்பார்கள். ஆளின் பெயரைச் சாவியாக வைத்தவன் ஒரு நாள் ஓர் அருணாசலத்தைத் தொலைப்பான்.

இன்னொன்று, இது விவசாயம் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். தாமிரபரணியில் அணைக்கட்டுகள் எட்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கால்வாய்கள் பதினொன்று. ஏனென்றால் கோடைமேலழகியானில் வடகால், தென்கால் என்று இரண்டு. மருதூரில் மேலக்கால், கீழக்கால். ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால். எட்டுச் சாவிக்குப் பதினொரு மதிப்பு. புது பிஎச்பி இதை ஏற்காது, சண்டைக்கு வரும். இங்கே மொழி செய்வதுதான் சரி, நம் கேள்விதான் தலைகீழ். அணைக்கட்டைச் சாவியாக வைக்காமல் கால்வாயைச் சாவியாக வைத்தால் பதினொரு கால்வாய், ஒவ்வொன்றுக்கும் ஓர் அணைக்கட்டு என்று அழகாக உட்காரும். மதிப்பு எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வரலாம், சாவிதான் திரும்ப வரக் கூடாது. கோடகன் கால் அரியநாயகிபுரத்துத் தண்ணீர், திருநெல்வேலிக் கால் சுத்தமல்லித் தண்ணீர் என்று எந்தக் காலையும் கேட்டதும் அதன் அணைக்கட்டைச் சொல்வார் நம் பெரியவர். அவர் மனசுக்குள் எது சாவி என்பது யாரும் சொல்லிக் கொடுக்காமலே அமைந்திருக்கிறது.

அந்தக் கட்டளையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு உரிய இடம் ஒன்று உண்டு. ஒரு ஃபைலின் முதல் வரியில் பெயர், ஊர், தொகை என்று தலைப்புகள் இருக்கும். கீழே ஒவ்வொரு வரியிலும் அவற்றுக்கான விவரங்கள் இருக்கும். தலைப்பு வரியைச் சாவியாகவும் ஒவ்வொரு வரியை மதிப்பாகவும் சேர்க்க அதைவிட நல்ல கருவி கிடையாது. ஏனென்றால் அந்த விவரங்கள் பிறந்ததே ஒரே வரியில். அவை ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்ததே இல்லை. எக்செல்லில் ஒரு பத்தியை மட்டும் அகர வரிசைப்படுத்தப் போனால், பக்கத்துப் பத்திகளையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று அது கேட்கும். பலர் எரிச்சலோடு அந்தக் கேள்வியைத் தாண்டிப் போவார்கள். நானும் போயிருக்கிறேன். அது கேட்பது நியாயமான கேள்வி.

ரகசியத்துக்காகப் பிரித்து வைத்தோம் என்பது ஒரு சமாதானம்தான். அதற்கும் வழி இருக்கிறது. உறுப்பினர் எண் என்று ஒன்றை இரண்டு பட்டியலிலும் ஒவ்வொரு வரியிலும் எழுதி வைத்தால் போதும். பெயர் செயலாளரிடமே இருக்கட்டும், கணக்கு எண் பொருளாளரிடமே இருக்கட்டும். 23 என்ற எண்ணுக்கு உரியவர் காலமானால் 23 அவரோடு போய்விடும், வேறு யாருக்கும் கிடையாது. புதிதாக வந்தவர் 42. வரிசை எப்படிக் குலைந்தாலும் 24 என்பது 24-ஐத்தான் தேடிப் போகும். ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்தில் இல்லாத எண்ணை புரோகிராம் தனியாக எழுதிக் காட்டி நின்றுவிட வேண்டும். இப்போது அப்படித்தான் மாற்றியிருக்கிறேன். மாற்றியது இருபது வரிகூட இராது. முதலிலேயே செய்திருக்கலாம். அந்த ஒற்றை வரி அழகாக இருந்ததால் செய்யவில்லை.

அந்த 19 பேரில் அந்த மாதம் பில் கொடுத்திருந்தவர்கள் ஆறு பேர்தான், அது அதிர்ஷ்டம். ஐந்து பேர் கைக்குப் பணம் ஒரு வாரத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது. ஒருவருக்குச் சேர வேண்டியதை வாங்கிக்கொண்டவர் செலவழித்துவிட்டார், மாதம் 500 வீதம் கட்டுகிறார். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன், தன் பெயரில் வந்த பணம்தானே என்று நினைத்திருக்கிறார். வளையல் அடகுக்கு ஆன வட்டியை நான் கொடுக்கப் போனேன். வாங்க மறுத்துவிட்டார்.

இந்த மாதத் தாள் நாளை வங்கிக்குப் போக வேண்டும். புரோகிராம் சரியென்று சொன்னாலும், பொருளாளரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து, அவர் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை வாசிக்க நான் பேருக்கு நேரே டிக் அடிப்பது என்று வைத்திருக்கிறோம். முக்கால் மணி நேரம் ஆகிறது. 24-ம் நம்பர் வரும்போது மட்டும் அவர் இரண்டு தடவை வாசிக்கிறார்.