பின் சக்கரத்துக்குச் சிவப்புச் சாயம்



ஆசிரியர் தினத்தன்று என்னைக் காண வந்த முன்னாள் மாணவர் ஒருவர், தம் பழைய மைவி மகிழுந்தைப் பெருமையுடன் காட்டினார். ஏ.பி.எஸ். இல்லாத வண்டி. பின் சக்கரங்களின் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு, பெரிய வண்டியொன்றின் டிஸ்க் பிரேக்கைப் பொருத்தியிருந்தார். சிவப்புச் சாயம் வேறு! இரண்டு வாரம் கழித்து மழையில் பிரேக்கை மிதித்தபோது, பின்புறம் சுழன்று வண்டி கால்வாயில் இறங்கிவிட்டது. நல்லவேளை, காயமில்லை.

“பெரிய பிரேக் நல்லதுதானே, ஐயா?” என்று கேட்டார்.

பிரேக் போடும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. முன் சக்கரங்களின் பிடிப்பு கூடுகிறது. பின் சக்கரங்களின் பிடிப்பு குறைகிறது. ஆகவேதான் முன்புறத்திற்கு மிகுதியாகவும் பின்புறத்திற்குக் குறைவாகவும் விசையைப் பகிர்ந்து வடிவமைக்கிறார்கள். பின்புறம் மட்டும் வலுத்தால், அச்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டி சுழலும். முன்புறத்தை மட்டும் மிகைப்படுத்தினாலோ, பின் பிரேக் போதிய அளவு உழைக்காது. வண்டி நிற்கும் தூரம் நீளக்கூடும்.

இவ்வளவையும் அந்தப் பட்டறைக்காரர் சொல்லியிருக்க வேண்டும். பணத்தை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டார்!

பெற்றோர்களே, பிள்ளைகள் பிரேக்கை மாற்றப் பணம் கேட்டால், “மறுபக்கத்தை என்ன செய்யப் போகிறாய்?” என்று கேளுங்கள். நல்ல டயருக்கும் புதிய பிரேக் எண்ணெய்க்கும் முதலில் கொடுங்கள். வண்டியை இறுதியில் நிறுத்துவது டயரின் பிடிப்பே.

மாணவர் மீண்டும் டிரம் பிரேக்கையே பொருத்திவிட்டார். அதற்கும் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார். அதில் எனக்கு மறுப்பில்லை.