விழுப்புண்ணா? வீண்பழியா?

டிசம்பர் 7, கொடி நாள். 1949 முதல் ஆண்டுதோறும் வரும் நாள். பள்ளிதோறும் உண்டியல் குலுங்கும். பிஞ்சுக் கரங்கள் நாணயம் இடும். இட்டவர் நெஞ்சிலே சின்னஞ்சிறு கொடி ஏறும். நம் வகுப்பிலும் உண்டியல் வரிசை வரிசையாய்ச் சென்றது. கடைசி வரிசையிலே, படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவரின் மகன் ஒருவன், கையில் காசை வைத்துக்கொண்டே எழுந்து நின்றான்.

"ஐயா, இந்தப் பணத்தாலே எங்க அப்பாவைத் தூங்க வைக்க முடியுமா?"

வகுப்பு சிரித்தது. நம்மால் சிரிக்க இயலவில்லை. மணி அடித்த பிறகு அவனைத் தனியே அழைத்துக் கேட்டோம். தந்தை இரவிலே மூன்று முறை எழுவாராம். கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாராம். அடுக்களையில் ஒரு பாத்திரம் உருண்டால் சுவரோரம் ஒண்டுவாராம். பேருந்திலே பின்னிருக்கை கிடைக்காவிட்டால் இறங்கி நடப்பாராம். ஊரார் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கின்றனர்: "மிலிட்டரிக்காரர் ஒரு மாதிரி!" உறவினர் இன்னொரு பெயர் வைத்திருக்கின்றனர்: "காத்துக் கருப்பு!" ஒருவர் ஒதுங்கச் சொல்கிறார், மற்றவர் வேப்பிலை அடிக்கச் சொல்கிறார். மருந்து தேடச் சொன்னவர் மட்டும் ஒருவரும் இல்லை.

ஒரு மாதிரி! எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறது ஊர்! ஆனால், ஊரை மட்டும் நோவானேன்? உலகப் பேரரசுகளே நூறாண்டுக்கும் மேலாக இந்தப் பெயர் சூட்டு விழாவைத்தானே நடத்தி வருகின்றன! போர் உள்ளத்திலே ஏற்படுத்தும் புண்ணுக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் பின்னே ஒரு கணக்கு. பெயர் நோய் என்றால், அரசு மருத்துவம் தரவேண்டும், ஓய்வூதியம் தரவேண்டும். கோழைத்தனம் என்றாலோ, ஒழுங்கீனம் என்றாலோ, தரவேண்டுவது ஒன்றுமில்லை! எந்தப் பெயரை வைப்பது என்பதே யார் கடனை யார் சுமப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. இதைத்தான் நாம் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தமிழாசிரியராகிய நாம் நம் வீட்டிலிருந்தே தொடங்குவதுதான் நேர்மை. புறப்பாட்டை நடத்தும்போது பூரித்துப் போகிறோம். மார்பிலே பட்ட புண் விழுப்புண் என்கிறோம். முதுகிலே பட்டதைப் பழி என்கிறோம். வெண்ணிப் போரிலே கரிகாலனின் எதிரே நின்ற சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகிலே புண்பட்டதற்கு நாணி வடக்கிருந்தான் என்று கண் கலங்கக் கூறுகிறோம். வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்டுப் பெயர் பொறித்துப் பீலி சூட்டினர் நம் முன்னோர். பெருமைதான், மறுக்கவில்லை. ஆயினும் எண்ணிப் பாருங்கள்! வேல் ஒன்றே, குருதியும் ஒன்றே; பட்ட இடத்தைப் பார்த்துத்தானே புகழும் பழியும் பிரிந்தன? அப்படியானால் மார்பிலும் இல்லாமல், முதுகிலும் இல்லாமல், நினைவிலே பட்ட புண்ணுக்கு என்ன பெயர்? செத்தவனுக்குக் கல் உண்டு. உயிரோடு திரும்பி, உறக்கத்தைக் களத்திலே விட்டு வந்தவனுக்கு என்ன உண்டு? மறம் பாடிய மரபிலே இதற்கு விடை தேடினோம், கிடைக்கவில்லை.

பிற நாட்டார் தந்த விடையைப் பார்ப்போம். 1914இல் மூண்டது முதல் உலகப் போர். பீரங்கிக் குண்டுகள் இரவு பகலாய் வெடிக்க, பதுங்கு குழியிலே கிடந்தவர்கள் கை நடுங்கினர், கால் ஓய்ந்தனர், வாய் பேசாதாயினர். 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்னும் மருத்துவ அறிஞர், 'லான்செட்' இதழிலே 'ஷெல் ஷாக்', அதாவது குண்டதிர்ச்சி, எனும் சொல்லை எழுதினார். சொல் பரவிற்று, நோயாளிகள் பெருகினர், அஞ்சிற்று படைத் தலைமை. எதற்கு அஞ்சிற்று? நோய்க்கா? இல்லை, சொல்லுக்கு! 1917இல் அந்தச் சொல்லை எழுதவேண்டாம் என்று கட்டளை பிறந்தது. 'இன்னும் கண்டறியப்படவில்லை — நரம்பு' என்று சீட்டு எழுதினால் போதும் என்றனர். 1922இல் சவுத்பரோ பிரபு தலைமையில் அமைந்த குழுவும் அந்தச் சொல்லையே ஒழிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. நோயை ஒழிக்க முடியாதவர்கள் அதன் பெயரை ஒழிக்கப் புறப்பட்டனர்!

ஹாரி ஃபார் என்ற சிப்பாயின் கதையைக் கேளுங்கள். 1915இல் குண்டதிர்ச்சியால் ஐந்து மாதம் மருத்துவமனையிலே கிடந்தவன். கை நடுக்கத்தால் மனைவிக்குக் கடிதம் எழுதக்கூட முடியாமல், தாதி எழுதித் தந்தாள். மீண்டும் களத்துக்கு அனுப்பினர். 1916 செப்டம்பரில், "இனி என்னால் தாங்க முடியாது" என்ற நிலையிலே முன்னேற மறுத்தான். படை நீதிமன்றம் கூடிற்று. அவனுக்காகப் பேச ஒருவரும் இல்லை. ஏறத்தாழ 20 நிமிடத்திலே விசாரணை முடிந்தது. குற்றம் கோழைத்தனம், தண்டனை சாவு. அக்டோபர் 18 விடியலிலே, கண்ணைக் கட்ட மறுத்த அந்தக் 'கோழை'யைச் சுட்டுக் கொன்றனர், அவன் நாட்டுத் துப்பாக்கிகளாலேயே! அப்போது அவனுக்கு வயது 25. அவன் மனைவிக்கு உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. பழியும் பசியுமாய் வாழ்ந்தாள் அந்த இளம்பெண்.

அவ்வாறு சுடப்பட்டோரில் 306 பேருக்கு 2006இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மன்னிப்பு வழங்கிற்று. தந்தை சுடப்பட்டபோது மூன்று வயதுக் குழந்தையாயிருந்த மகள், தொண்ணூறைக் கடந்த மூதாட்டியாய் அதைக் கேட்டார். மன்னிப்பாம்! யார் யாரை மன்னிப்பது? நோயாளியைச் சுட்டவர், சுடப்பட்டவனை மன்னிக்கிறார்! அந்தச் சட்டமோ, பழைய தீர்ப்பையும் தண்டனையையும் இது மாற்றாது என்று தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது; இழப்பீடு கேட்கும் உரிமையும் பிறக்காது என்கிறது. இறந்தவர் பெயரை மட்டும் கழுவிவிட்டுக் கடனைக் கழுவாமல் விட்ட கணக்கு இது.

நோயிலும் மேல் கீழ் உண்டோ என்று கேட்பீர்கள். உண்டு தோழர்களே, உண்டு! அதே போரில், அதே நாட்டில், அதிகாரிக்கு வந்தால் 'நரம்புத் தளர்ச்சி'. சிப்பாய்க்கு வந்தால் 'ஹிஸ்டீரியா'! அதிகாரிகளுக்கு எடின்பரோ நகரருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனை, அங்கே ரிவர்ஸ் என்னும் பேரறிஞர் அருகமர்ந்து, "நெஞ்சிலே கிடப்பதை அடைத்து வைக்காதீர், பேசுங்கள்" என்று பரிவோடு கேட்டார். போரை எதிர்த்து அறிக்கை விட்ட கவிஞர் சாசூன் 1917இல் அங்கேதான் அனுப்பப்பட்டார். அவரும் அதிகாரி அல்லவா! சாதாரணச் சிப்பாய்க்கோ, லண்டன் மருத்துவமனையொன்றில் யெல்லாண்ட் என்னும் மருத்துவரின் மின்சாரம். ஒன்பது மாதம் வாய் பேசாதிருந்த 24 வயதுச் சிப்பாயை அறையிலே அடைத்து, பேசும்வரை வெளியேற முடியாதென்று கூறி, நான்கு மணி நேரம் தொண்டையிலே மின்சாரம் பாய்ச்சியதை, 1918இல் அவரே நூலில் எழுதி வெளியிட்டார், வெற்றியென்று! ஒருவனுக்குச் செவி, மற்றவனுக்குச் சித்திரவதை. பிறப்பால் உயர்வு தாழ்வு பேசும் நாட்டிலே வாழும் நமக்கு இது புரியாததா?

1943இல் சிசிலியிலே இரு மருத்துவமனைகளுக்குச் சென்ற அமெரிக்கத் தளபதி பேட்டன், காயமின்றி நரம்பு தளர்ந்திருந்த சிப்பாய்கள் இருவரைக் கோழைகள் என ஏசி அறைந்தார். முதலில் அறை வாங்கியவனுக்கு மலேரியாவும் இருந்தது பின்னரே தெரிந்தது! மேலிடம் கண்டித்தது, தளபதி மன்னிப்புக் கேட்டார், மறு ஆண்டே பெரும்படை ஒன்றுக்குத் தலைமையும் ஏற்றார்.

நிலை மாறவில்லையா? மாறிற்று, மாற்றியவர்கள் யார் என்பதுதான் முக்கியம். வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள், 1970 முதல் நியூயார்க்கிலே வட்டமாய் அமர்ந்து தங்கள் கொடுங்கனவுகளைத் தாங்களே பேசத் தொடங்கினர். லிஃப்டன், ஷாட்டன் எனும் மனநல மருத்துவர்கள் உடன் அமர்ந்து செவி மடுத்தனர். அவர்கள் எழுப்பிய குரலால் 1979இல் வீரர் நல மையங்கள் திறக்கப்பட்டன. 1980இல் அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டிலே, 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' எனும் பெயர் ஏறிற்று. மேலிருந்து அருளிய பெயரன்று, கீழிருந்து போராடிப் பெற்ற பெயர்!

பெயர் வந்தது, புரட்டு போயிற்றா? 2011 முதல் 2015 வரை, ஒழுங்கீனம் எனக் காரணம் காட்டி அமெரிக்கப் படை வெளியேற்றியவர் 91,764 பேர். அவர்களில் 57,141 பேருக்கு, வெளியேறுவதற்கு முந்தைய ஈராண்டுக்குள், மேற்சொன்ன கோளாறோ, மூளைக்காயமோ, நடத்தையைப் பாதிக்கக்கூடிய வேறு நிலைகளோ இருந்ததாக மருத்துவக் குறிப்புகள் கூறின. நூற்றுக்கு 62 பேர்! கூறுவது எதிர்க்கட்சியன்று, அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பே 2017இல் வெளியிட்ட கணக்கு. அந்த 57,141 பேரில் 13,283 பேருக்கு, மருத்துவ உதவி பெறும் தகுதியையே பறித்துவிடக் கூடிய வகையில் விடுவிப்புச் சீட்டு தரப்பட்டது. அத்தனை பேரின் தவறும் நோயால் விளைந்தது என்று நாம் கூறவில்லை. நோயா, தவறா என்று ஆராயாமல் கதவைச் சாத்தலாமா என்றே கேட்கிறோம். 1916இல் 'கோழை', நூறாண்டு கழித்து 'ஒழுங்கீனன்'. துப்பாக்கி போய்த் தாள் வந்தது, அவ்வளவே!

விளைவு? 2001க்குப் பின் நடந்த போர்களிலே களத்தில் மாண்ட அமெரிக்கப் படையினர் 7,057 பேர். அப்போர்க் காலத்தில் பணியாற்றியோரில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோர் 30,177 பேர் என்று பிரவுன் பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிடுகிறது. பகைவன் கொன்றதைப் போல நான்கு மடங்கு! அங்கே 2023 ஜனவரி முதல், உயிரை மாய்க்கும் எண்ணத்திலே தவிக்கும் முன்னாள் வீரர் எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் அவசர மருத்துவம் இலவசம் என்று விதி செய்துள்ளனர். காலம் கடந்து வந்தாலும் வரவேற்போம்.

இனி, நம் நாடு. படையிலே சேரும்போது மார்பை அளந்து, பல்லை எண்ணி, கண்ணைச் சோதித்து, குறையொன்றுமில்லை என்று எழுதிக்கொள்கிறது அரசு. பிற்காலத்தில் மனம் நொந்தால், "இது பணியால் வந்ததன்று, பணியால் மோசமானதுமன்று" என்று மருத்துவக் குழு ஒரு வரி எழுதும். அந்த ஒரு வரியிலே ஊனமுற்றோர் ஓய்வூதியம் போய்விடும்! சேரும்போது குறை பதியப்படாவிட்டால், பின்னர் வந்த நோய் பணியால் வந்ததென்றே கொள்ளவேண்டும், அன்று என்பதைக் காட்டும் பொறுப்பு அரசுடையது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று. அதே ஆண்டு, 1977இல் மனச்சிதைவு என்று கூறி அனுப்பப்பட்ட சிப்பாய் ஒருவரை மீண்டும் மருத்துவக் குழு ஆராயவேண்டும் என்றும் ஆணையிட்டது. 36 ஆண்டு! இளைஞனாய் வெளியேறியவன் முதியவனாய் நீதி கேட்டு நின்றான். நீதிமன்றப் படியேற வசதியும் துணிவும் அற்றவர் நிலை என்ன?

"இப்படிப் பேசினால் வீரம் குன்றும்" என்பர் சிலர். காலில் குண்டு பட்டவனுக்குக் கட்டுப் போட்டால் வீரம் குன்றுகிறதா? "ஓய்வூதியத்துக்காக நடிப்பர்" என்பர் சிலர். நடிப்பவனைக் கண்டுபிடிக்கத்தானே மருத்துவர்! ஒரு கள்ளனுக்கு அஞ்சி ஊரையே பட்டினி போடுவது எந்த நியாயம்? "பணம் ஏது?" என்பர். துப்பாக்கி வாங்கும்போதே அதைத் துடைக்கும் எண்ணெயையும் துணியையும் கணக்கிலே சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு, அதை ஏந்தும் மனிதனின் உள்ளத்தைச் சேர்க்கத் தெரியாதா? படைவீரர் எல்லோரும் மனம் நொந்தவர் என்பதன்று நம் வாதம். மிகப் பலர் நலமாகவே வாழ்கின்றனர். நலமிழந்தவர் நாணித் தலை குனிய வேண்டியதில்லை, தக்க மருத்துவத்தால் தேற முடியும் என்பதே நம் வாதம்.

எனவே கேட்கிறோம்: படையிலிருந்து விடுவிக்கும்போது கண்ணையும் காதையும் சோதிப்பதுபோல் உள்ளத்தையும் சோதியுங்கள், சில புண்கள் காலம் தாழ்த்தியே வெளிப்படும், ஆதலால் ஓராண்டு கழித்து மறுபடியும் அழைத்துக் கேளுங்கள். மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலே, பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரை அமர்த்துங்கள். தூக்கமற்ற கணவனுக்குத் தாதியாகவும், கதவுக்குக் காவலாகவும், பிள்ளைகளுக்குத் தந்தையாகவும் ஒருங்கே உழைக்கும் மனைவியையும் அமர வைத்துக் கேளுங்கள். நோயின் காரணத்தை நிறுவும் சுமையைச் சிப்பாயின் தோளிலே ஏற்றாதீர்கள். மனநல மருத்துவம் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 14416 என்ற எண்ணில் தொலைபேசி உதவி உண்டு. 2023 டிசம்பரில் புனே நகரப் படை மருத்துவக் கல்லூரியில் படையினர்க்கும் குடும்பத்தார்க்கும் தனிப்பிரிவும் தொடங்கிற்று. நல்ல தொடக்கம். தாழ்ப்பாளைத் தடவும் கைவரை அது வந்து சேரவேண்டும்!

அந்தச் சிறுவனுக்கு என்ன விடை சொன்னோம்? "உன் தந்தைக்கு வந்தது ஒரு மாதிரியுமன்று, காத்துக் கருப்புமன்று. அது புண். மருத்துவரிடம் காட்டவேண்டிய புண்" என்றோம். மறுவாரம், அவனையும் அவன் தாயையும் அழைத்துக்கொண்டு மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றோம். தந்தை வாயிலிலேயே நெடுநேரம் நின்றார். யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம்! எல்லையிலே நிற்க அஞ்சாதவர், அந்த வாயிற்படியிலே அஞ்சி நின்றார். அவரை அஞ்ச வைத்தது பகைவனல்லன், நாம்! நாம் சூட்டிய பெயர்!

கொடி நாள் மீண்டும் வரும். உண்டியலும் வரும். காசு இடுவோம், தவறில்லை. ஆனால், இடுவது பிச்சையன்று, பட்ட கடனில் ஒரு சிறு தவணை என்பதை மாணவர்க்குச் சொல்லிவிட்டு இடுவோம். மீதிக் கடனை அரசிடம் ஓங்கிக் கேட்போம். முன்னதாக, நம் தெருவிலே 'ஒரு மாதிரி' என்று ஒதுக்கப்பட்டவர் வீட்டுக் கதவை இன்றே தட்டுவோம். மெல்லத் தட்டுங்கள் தோழர்களே, உள்ளே ஒருவர் உறங்க முயன்றுகொண்டிருக்கிறார்.