துருவின் மேல் பூச்சு

திருவண்ணாமலையில் வசிக்கும் என் சகோதரியின் மகன் மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு பழைய ஜீப்பை விலைக்கு வாங்கி வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். ஜவ்வாது மலைப் பக்கம் பல காலம் ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்து ஏறி இறங்கிய வண்டி அது. ஆறே மாதங்களில் அதைப் புதுப்பித்து, குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு போளூர் வழியே ஜமுனாமரத்தூருக்குப் போய் வருவதாகச் சொன்னான். இன்றளவும் அவ்வண்டி மலையேறவில்லை. அவனைக் கேலி செய்வோர் உறவினரிலேயே உண்டு. நான் அவர்களுள் ஒருவனல்லன். ஏன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இந்த ஜீப்பின் வரலாறு நம்மவர் பலரும் அறியாதது. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் 2ஆம் நாள், பஞ்சாபின் லூதியானாவில் ‘மஹிந்திரா அண்டு முஹம்மது’ என்ற பெயரில் ஓர் எஃகு வணிக நிறுவனம் தொடங்கப்பட்டது. மஹிந்திரா சகோதரர் இருவரோடு அதில் பங்காளியாக இருந்தவர் மாலிக் குலாம் முஹம்மது. நாடு பிரிந்தபோது அவர் பாகிஸ்தான் சென்று அதன் முதல் நிதியமைச்சரானார். 1951இல் கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948இல் நிறுவனத்தின் பெயர் ‘மஹிந்திரா அண்டு மஹிந்திரா’ ஆயிற்று. அந்நிறுவனமே வில்லிஸ் ஜீப்புகளை உரிமம் பெற்றுப் பம்பாயில் பூட்டி விற்றது. ‘சி.ஜே. 3பி’ என்னும் வகை அமெரிக்காவில் 1968இல் நின்றுபோயிற்று. இங்கோ அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் வெளிவந்தது. என் மருமகன் வாங்கியதும் அவ்வகையே. அதன் உதிரிப் பாகங்கள் இன்றும் தேடினால் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

கியர் கோலின் அருகே இரு சிறு கோல்கள் இருக்கும். ஒன்று முன் சக்கரங்களுக்கும் இயந்திரத்தின் விசையைச் சேர்க்கும். மற்றொன்று வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்கும். சேற்றிலும் கல்லிலும் இவ்வண்டி ஏறும் இரகசியம் இவ்வளவுதான். காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரங்களையும் பூட்டி ஓட்டினால் பற்சக்கரங்களே பழுதாகும் என்பதைப் பலர் செலவு செய்த பின்னரே அறிகின்றனர்.

வாங்கும்போது வண்டி பளபளவென்று பச்சை நிறத்தில் நின்றது. டிங்கரிங் வேலை செய்யும் பெரியவர் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்து, “தம்பி, இது தகடு இல்லை, பட்டி” என்றார். சுரண்டச் சுரண்ட விரற்கடை அளவு பட்டிப் பூச்சு கட்டி கட்டியாக உதிர்ந்தது. அடியில் கால் வைக்கும் தளம் சல்லடையாய்த் துருவேறியிருந்தது. சேஸிஸின் குறுக்குச் சட்டம் ஒன்று கையால் அழுத்தவே நசுங்கிற்று.

மதீனாவின் கடைத்தெருவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்ததும், உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், அதை மேலே வைக்காமல் மறைத்த வணிகரைக் கண்டித்ததும் நம் இல்லங்களில் பிள்ளைகளும் அறிந்த நிகழ்ச்சி. ஆனால் அந்த ஹதீஸை நாம் அரிசிக் கடையோடும் பருப்புக் கடையோடும் நிறுத்திவிடுகிறோம். துருவின் மேல் பட்டியும் பட்டியின் மேல் பச்சை வண்ணமும் பூசி விற்பது அதே ஈரத் தானியமன்றி வேறென்ன? விற்றவர் யாரென்பது இங்குத் தேவையற்றது. அத்தகையோர் எல்லா ஊரிலும் உளர்.

அடுத்த இடி பதிவுச் சான்றில் இருந்தது. அதில் எழுதியிருந்தது பெட்ரோல். வண்டியில் இருந்ததோ டீசல் இயந்திரம். எரிபொருள் செலவைக் குறைக்க, பழைய பெட்ரோல் ஜீப்புகளில் டீசல் இயந்திரத்தை மாற்றிப் பூட்டுவது நம் நாட்டில் நெடுங்காலம் நடந்துவந்த வழக்கம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, சான்றில் கண்டதற்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 15 ஆண்டுகள் கடந்த சொந்த வாகனம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு நின்று பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். அங்கே இது வெளிப்படும். 50 ஆண்டுகள் கடந்த வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகள் வகுத்தது. அதன்படி 20,000 ரூபாய் கட்டணத்தில் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். ஆனால் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் அல்லாது அன்றாடம் ஓட்டலாகாது. மலைக்குப் போக விரும்பியவனுக்கு அது உதவவில்லை. ஆதலின் டீசல் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, பழைய பெட்ரோல் இயந்திரம் ஒன்றைச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடிப் பிடித்தான். அது எண் மாற்றத்தை முறைப்படி பதிவு செய்வதற்கு அலுவலகத்துக்கும் பட்டறைக்கும் அலைந்த காலம். பௌர்ணமி தோறும் கிரிவலக் கூட்டத்தால் ஊருக்குள் வண்டிகள் நுழையா. அந்நாட்களில் பட்டறை வேலையும் நின்றுவிடும்.

இயந்திரம் ஓடத் தொடங்கிய பின்னும் பெட்ரோல் ஒழுகிற்று. இப்போது விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்துள்ளது. பழைய ரப்பர்க் குழாய்களும் பம்பின் உள்ளிருக்கும் சவ்வும் அதைத் தாங்குவதில்லை. யாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

இந்நிலையில்தான் அவனுக்கு உண்மையான சோதனை வந்தது. கைப்பணம் தீர்ந்துவிட்டது. வட்டிக்குப் பணம் தர ஒருவர் முன்வந்தார். அதை அவன் தாயார் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். பின்னர் வண்டியை அப்படியே வாங்கிக்கொள்ள வெளியூர்க்காரர் ஒருவர் வந்தார். நண்பர்கள், “மீண்டும் பட்டியைப் பூசிக் கொடுத்துவிடு, உனக்குச் செய்ததைத்தானே நீ செய்கிறாய்” என்றனர். அவன் தரைவிரிப்பைத் தூக்கி, இன்னும் ஒட்டுப் போடாத இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். வந்தவர் நன்றி கூறிப் போய்விட்டார். பணமும் போயிற்று. அன்றிரவு அவன் உண்ணாமல் படுத்துவிட்டான் என்று என் சகோதரி தொலைபேசியில் அழுதார்.

இதெல்லாம் வீண் விரயம், இஸ்ராஃப் என்று கூறும் பெரியோர் உளர். ஊரார் பார்க்கவென்று உயரமான டயர்களையும் காது கிழிக்கும் ஹாரனையும் பூட்டுவோரைக் குறித்து அவர்கள் கூறுவது முற்றிலும் சரி. ஆயினும் பழுதானதைச் செப்பனிடுவதை விரயம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. தம் காலணியைத் தாமே தைத்தும், கிழிந்த ஆடைக்குத் தாமே ஒட்டுப் போட்டும் வாழ்ந்த நாயகத்தின் உம்மத்தினர் நாம்.

பொறுமை என்றதும் கையைக் கட்டிக்கொண்டு வாளாவிருப்பது என்றே பலரும் எண்ணுகிறோம். துருப்பிடித்த போல்ட்டை வலுவோடு திருகுபவன் அதன் தலையை முறித்துவிடுவான். பின் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். கைதேர்ந்தவர் எண்ணெய் விட்டு ஊற வைக்கிறார், சூடேற்றுகிறார், சிறிது முன்னும் சிறிது பின்னுமாய் அசைக்கிறார். ஒரு போல்ட்டுக்கு ஒரு நாள் ஆகலாம். ஸபுர் என்பதை நான் அந்தப் பெரியவரின் கையில்தான் கண்கூடாகக் கண்டேன்.

வண்ணம் பூசுவது எப்போது என்று கேட்போரிடம் அவன் இப்போது பிரேக்கைப் பற்றியே பேசுகிறான். அது சரியான வரிசை என்றே கருதுகிறேன். அக்காலத்து ஜீப்பில் நான்கு சக்கரங்களின் பிரேக்கிற்கும் ஒரே குழாய்வழிதான். எங்கேனும் ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் ஒருங்கே போய்விடும். ஜவ்வாது மலையின் வளைவுகளில் கீழிறங்கும்போது அது நேர்ந்தால் பச்சை வண்ணமா காக்கும்?

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். வண்டிக்கு இன்னும் நிறமில்லை. செந்நிற அடிப்பூச்சோடு நின்றது. “மாமா, கொஞ்சம் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதியுங்கள்” என்றான். நான் மிதித்தேன், அவன் கீழே படுத்துக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றினான். மூன்று சக்கரங்கள் முடிந்தன. நான்காவதில் மிதி இன்னும் தரைவரை இறங்கிற்று. உருளையின் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும் என்றான் அவன். புதுப்பேட்டைக்குச் சொல்லியாயிற்று, பௌர்ணமி கழிந்ததும் வந்துவிடுமாம்.