நோர்வே வரை போன மென்பொருள் தோட்டத்துக்கும் வரட்டும்

2020 ஜனவரியில் கொரோனா பரவத் தொடங்கியபோது, நாட்டுக்குள் வருவோரைக் கண்காணிக்க இலங்கை சுகாதார அமைச்சு விரைவாக ஒரு மென்பொருளை அமைத்தது. அடித்தளம், ஒஸ்லோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் டிஎச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருள். அந்த வடிவமைப்பு பகிரப்பட்டது. பல நாடுகள் எடுத்துக்கொண்டன. நோர்வேயும் அதிலிருந்து கற்றது.

ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் நிலை வேறு. தோட்ட டிஸ்பென்சரியில் பார்த்த பிரஷர் கணக்கு டிக்கோயா ஆஸ்பத்திரி டாக்டருக்குத் தெரிய, கொழுந்து பறிக்கும் அம்மா பொலித்தீனில் சுற்றிய கிளினிக் கொப்பியைத்தான் நீட்ட வேண்டும். கொப்பி நனைந்தால் கணக்கும் போச்சு.

புதுச் செயலி தேவையில்லை. இருக்கும் டிஎச்ஐஎஸ்2 மென்பொருளிலேயே டிஸ்பென்சரியையும் இணைக்கலாம். ஒரே நிபந்தனை: டிஸ்பென்சரியை நடத்துவது தோட்ட நிர்வாகமானாலும், தொழிலாளியின் நோய் விவரம் துரைமார் கைக்குப் போகக்கூடாது. 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தரவுக்குத் தனிக் காவல் எழுதப்பட்டிருக்கிறது. சுகாதார அமைச்சு அதைத் தோட்டங்களிலும் உறுதிசெய்ய வேண்டும்.