25 என்பது வேதவாக்கா?

இன்று கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

என் தம்பி மனைவிக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. கட்டியை மட்டும் எடுத்தார்கள். அறுவை நல்லபடியாக முடிந்தது. பிறகு, "கரண்டு வைக்கணும், 25 நாள்" என்றார்கள். வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். மேசையில் படுப்பது பத்து நிமிஷம். போக வர ஐந்து மணி நேரம். எங்கள் வீட்டில் தங்கிக்கொள் என்றால், மாட்டுக்கு யார் தீனி வைப்பது என்பாள். கூட வரும் தம்பிக்கும் வேலை கெட்டது. பதினெட்டாம் நாள், "போதும் மாமா, இனி நான் வரலை" என்று அழுதுவிட்டாள்.

ஏன் 25 என்று அங்கே கேட்டேன். "அதுதான் வழக்கம்" என்று பதில் வந்தது. நான் முப்பது வருஷம் கோப்பு தள்ளியவன். 'முன் நடப்பின்படி' என்று எழுதிவிட்டால் அதன்பின் யாரும் யோசிக்க வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியாதா?

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? 1920களில் பாரிசில், மரி கியூரியின் ரேடியம் நிலையத்தில் க்ளோது ரெகோ என்ற மருத்துவர் ஆட்டுக்கடாக்களை வைத்துச் சோதனை செய்தார். கதிரை ஒரே தடவையில் கொடுத்தால் தோல் வெந்தது. பல நாளாகப் பிரித்துக் கொடுத்தால் தோல் தப்பியது. பிரித்துக் கொடுப்பது என்ற அந்தப் பாடம் சரி. ஆனால் 25ஆகத்தான் பிரிக்க வேண்டும் என்று அந்தக் கடாக்கள் சொல்லவில்லை!

கதிரின் அளவை 'கிரே' என்று கணக்கிடுகிறார்கள். பழைய முறையில் 25 நாளில் 50 கிரே. பிரிட்டனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம், அதையும் 15 நாளில் 40 கிரே கொடுப்பதையும் ஒப்பிட்டார்கள். பத்து வருஷம் பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் கூடுதலாகத் திரும்பவில்லை. மார்பு சுருங்குவது, வீங்குவது போன்ற தொல்லைகள் குறைந்தன.

அதோடு நிற்கவில்லை. இன்னொரு ஆய்வில் 4,096 பேர். ஒரே வாரத்தில், ஐந்தே நாளில் 26 கிரே. 2020இல் 'லான்செட்' இதழில் ஐந்து வருஷ முடிவு வந்தது. அதே மார்பில் நோய் திரும்பியது மூன்று வார முறையில் நூற்றுக்கு 2.1 பேருக்கு, ஒரு வார முறையில் 1.4 பேருக்கு.

"ஒரு நாளைக்கு அதிகமாகக் கொடுத்தால் உடம்பு தாங்குமா?" என்று கேட்பீர்கள். ஒரு நாள் அளவு கூடுகிறது, உண்மை. அதற்கு ஈடாக மொத்த அளவை 50லிருந்து 40ஆக, 26ஆகக் குறைத்திருக்கிறார்களே! "நாள் கூடினால் வைத்தியமும் கூடும்" என்பது நம் மனப்பிரமை.

எல்லோருக்கும் ஐந்து நாள் போதும் என்று நான் சொல்லவில்லை. அக்குளில் நெறிகட்டிக்கும் கதிர் தேவைப்படலாம். கட்டி இருந்த இடத்துக்குக் கூடுதலாகச் சில நாள் தேவைப்படலாம். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் யோசித்து முடிவு செய்யட்டும். வழக்கத்தை முடிவாக்க வேண்டாம். இந்த அலைச்சலுக்குப் பயந்து, கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்ற நிலையிலும் மார்பையே எடுத்துவிடச் சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். கதிரைப் பாதியில் விடுகிறவர்களும் உண்டு. பாதியில் விடுவதுதான் உண்மையான ஆபத்து.

ஆகவே உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால், முதல் நாளே கூச்சப்படாமல் கேளுங்கள்: "டாக்டர், 15 நாளில் முடியுமா? ஐந்து நாளில் முடியுமா? முடியாது என்றால் ஏன்?" நல்ல டாக்டர் காரணம் சொல்வார். "வழக்கம்" என்று மட்டும் பதில் வந்தால் வேறொரு டாக்டரையும் கேளுங்கள்.

தம்பி மனைவியைக் கெஞ்சிக் கூத்தாடி எங்கள் வீட்டில் தங்க வைத்து மீதி ஏழு நாளையும் முடித்தோம். இப்போது நலம். மாடுதான் இளைத்துப்போயிற்று.