கிரிக்கெட் கேம்: பிடித்ததும் கடுப்பேற்றியதும்

நாலு தமிழர்கள் கூடுகிற இடத்தில், கம்ப்யூட்டர் கிரிக்கெட்டில் எது பெஸ்ட் என்று சும்மா கேட்டுப் பாருங்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒருத்தர் கூட்டத்தில் இருந்தால் போதும், "ஈஏ கிரிக்கெட் 07 மாதிரி வருமா சார்" என்று ஆரம்பித்துவிடுவார். அப்புறம் சாப்பாடு ஆறிப்போகும். இங்கே புனேயில் பொங்கலுக்குக் கூடினாலும் இதேதான், தீபாவளிக்குக் கூடினாலும் இதேதான். பத்தொன்பது வருஷத்துக்கு மேல் ஆன ஒரு விளையாட்டு மேல் இவ்வளவு பாசம் ஏன், அந்தப் பாசத்தில் எவ்வளவு நியாயம் என்று கொஞ்சம் பேசலாம்.

முதலில் தகவல். ஈஏ ஸ்போர்ட்ஸின் கிரிக்கெட் 07 வெளிவந்தது 2006 நவம்பரில். பிசிக்கும் பிளேஸ்டேஷன் 2-க்கும் மட்டும். உருவாக்கியது கனடாவின் எச்.பி. ஸ்டுடியோஸ். கிரிக்கெட்டுக்கும் கனடாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அதோடு ஈஏ கடையைச் சாத்திவிட்டது, அடுத்த கிரிக்கெட் வரவே இல்லை. கடைசிப் பிள்ளை மேல் செல்லம் ஜாஸ்தியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, என்ன பிடித்தது? கேம்பேடு வைத்திருந்தவர்களைக் கேட்டால் 'செஞ்சுரி ஸ்டிக்' என்பார்கள். இடது குச்சியில் கால் நகர்த்தல், வலது குச்சியில் ஷாட். அதுவரை பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தவனுக்கு, மட்டையைக் கையில் பிடித்த மாதிரி ஓர் உணர்வு. கவர் டிரைவுக்குக் குச்சியைத் தள்ளும்போது தோளும் கூடவே சாயும். கீபோர்டில் ஆடியவர்கள் இதை அனுபவிக்கவில்லை, ஆனாலும் ஆட்டம் கைக்கு எளிது. ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம். சாதாரணப் பொட்டியிலேயே ஓடும், கிராபிக்ஸ் கார்டு கேட்டு அடம்பிடிக்காது. ஆணி புடுங்கிவிட்டு இரவு பத்து மணிக்கு அறைக்கு வருகிறவனுக்கு அது பெரிய விஷயம்.

அப்புறம் வர்ணனை. மார்க் நிக்கோலஸும் ரிச்சி பெனோவும். பெனோ 2015 ஏப்ரலில் காலமானார். ஆனால் எந்தப் பழைய கம்ப்யூட்டரில் அந்த ஆட்டத்தைத் திறந்தாலும், அதே நிதானத்தோடு இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார்தான். பத்தாவது மேட்சில் அடுத்த வரி நமக்கே தெரிந்துவிடும். அதுவே கடுப்பாகி, பிறகு மறுபடி பிரியமாகிவிடும். பழைய டீக்கடை ரேடியோ மாதிரி.

ஆனால் இதையெல்லாம்விட முக்கியமான காரணம் வேறு என்று நினைக்கிறேன். ஒரே திரை, இரண்டு ஆட்கள். ஒருத்தருக்குக் கீபோர்டு, இன்னொருத்தருக்கு மலிவான யுஎஸ்பி கேம்பேடு. வேலைக்கென்று ஊர்விட்டு வந்த பேச்சிலர்கள் நிறைந்த வீட்டில் அது என்ன செய்யும் என்பது அந்த வாழ்க்கை வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் அறையில் பாட்னாக்காரன் ஒருத்தன், ஜலந்தர்க்காரன் ஒருத்தன், நான். என்னுடைய இந்தி அப்போது "கித்னா", "பஸ்" இரண்டோடு முடிந்துவிடும். அவனுங்களுக்குத் தமிழில் தெரிந்தது ரஜினி மட்டும். ஆனால் ஐந்து ஓவர் மேட்சுக்கு மொழி எதற்கு? "அவுட்", "நோ பால்", "சீட்டிங்" இந்த மூன்றையும் வைத்தே நட்பு வளர்ந்தது. என் இந்தி தேறியதில் பாதி அந்தச் சண்டைகளால்தான்.

2007 மார்ச்சில் உலகக்கோப்பையில் வங்கதேசத்திடமும் இலங்கையிடமும் தோற்று இந்தியா முதல் சுற்றோடு வெளியே வந்தது நினைவிருக்கும். வெஸ்ட் இண்டீஸில் மிச்சப் போட்டிகள் நடந்துகொண்டிருக்க, நாடு முழுக்கப் பல அறைகளில் இந்தியா தினமும் கோப்பை வென்றுகொண்டிருந்தது. வேறென்ன செய்வது!

இப்போது கடுப்பேற்றியவை. பாசக்காரர்கள் மறந்துபோகிற பகுதி.

நம்ம ஊர் அணிக்கு உரிமம் இல்லை. ஆஷஸ் தொடரை மையமாக வைத்துச் செய்த ஆட்டம், ஆகவே ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் உண்மையான பெயர், உண்மையான சட்டையோடு ஜொலிக்கும். நம் ஆட்கள் பெயரெல்லாம் எழுத்து மாற்றிக் கோணலாகக் கிடக்கும். ஆளைப் பார்த்து, அடிக்கும் விதத்தைப் பார்த்து, "இவர்தான் அவர்" என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. பெயர்ப் பட்டியல், சட்டை, மட்டை, மைதானம், முகம் எல்லாவற்றையும் தாங்களே செய்து ஒட்டுப்போட்டார்கள். 2008 ஏப்ரலில் ஐபிஎல் பிறந்தபோது 2006-இல் வந்த ஆட்டத்துக்குள் மஞ்சள் சட்டை போட்ட சென்னையும் வந்து சேர்ந்தது. சம்பளம் வாங்காமல் யாரோ ஒரு கல்லூரிப் பையன் ராத்திரி கண்விழித்து வரைந்த சட்டை அது. அந்த ஆட்டம் இத்தனை வருஷம் உயிரோடு இருந்ததற்கு ஈஏ-வுக்கு இருக்கும் பங்கைவிட இந்தப் பையன்களுக்கு இருக்கும் பங்கு அதிகம் என்பேன்.

அதைவிடப் பெரிய குறை கம்ப்யூட்டரின் புத்தி. டெஸ்ட் மேட்ச் என்று ஆரம்பித்தால் எதிரணி ஒருநாள் போட்டி வேகத்தில் அடித்துவிட்டு, தேநீர் இடைவேளைக்குள் மூட்டை கட்டிவிடும். நாமோ இறங்கி வந்து தூக்கித் தூக்கி அடித்தால் போதும், சிக்ஸர் மழை. ஸ்லிப்பில் நிற்பவர்கள் படம் பார்க்க வந்தவர்கள் மாதிரி. பந்தை விடுவது என்று ஒன்று கிரிக்கெட்டில் இருக்கிறதே, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போவதைத் தொடாமல் மட்டையைத் தூக்கி விட்டுவிடுவது, அது ஒரு கலை. டிராவிட் அதை வைத்தே பாதி வாழ்க்கை நடத்தினார். அந்த ஆட்டத்தில் பந்தை விடுவதால் எந்த லாபமும் இல்லை. நின்று ஆடுகிறவனுக்கு மரியாதை கிடையாது. பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே தரையில் குறி வேறு காட்டிவிடும். பவுலர் பாவம்.

அந்த வகையில் அதே காலத்தில் வந்த கோட்மாஸ்டர்ஸின் பிரையன் லாரா வரிசை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். அதில் பேட்ஸ்மேனுக்குத் தன்னம்பிக்கை அளவு என்று ஒரு பட்டை. வந்ததும் வீசினால் அவுட். நாலு ஓவர் தட்டி ஆடி, பட்டை ஏறிய பிறகு அடித்தால் பந்து பறக்கும். 'செட் ஆன பேட்ஸ்மேன்' என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியது அதுதான். 2007-இல் வந்த பதிப்பை ஆஸ்திரேலியாவில் ரிக்கி பாண்டிங் பெயரிலும் இந்தியாவில் யுவராஜ் சிங் பெயரிலும் விற்றார்கள். ஒரே சரக்கு, ஊருக்கு ஒரு லேபிள். அந்த வருஷம் செப்டம்பரில் யுவராஜ் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்தார். லேபிள் ஒட்டியவருக்கு ஜாதகம் நன்றாக இருந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். "உலகத்திலேயே அதிக ரசிகர்கள் நாம்தான், நமக்கென்று ஒரு ஒழுங்கான கேம் செய்ய ஆளில்லையே" என்று புலம்புகிறோம். சென்னை ரிச்சி தெரு, டெல்லி பாலிகா பஜார், மும்பை லாமிங்டன் ரோடு எங்கும் கள்ள சிடிகள் கூறு கட்டி விற்ற காலம் அது. ஒரிஜினல் பெட்டியைத் தேடி வாங்கியவர்கள் எத்தனை பேர்? காசு கொடுக்கிற வாடிக்கையாளர் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்தால் ஆஷஸ்தான் கிடைக்கும், ரஞ்சி கிடைக்காது. இதில் கம்பெனியை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

ஈஏ விட்டுப்போன இடத்தில் பலர் முயன்றார்கள். ஆஷஸ் கிரிக்கெட் 2013 என்று ஒன்று அந்த நவம்பரில் ஸ்டீமில் வந்தது. வந்த சில நாளிலேயே திரும்பப் பெற்று, வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவு மோசம். அடுத்த வருஷமே மெல்போர்னின் பிக் ஆன்ட் ஸ்டுடியோஸ் டான் பிராட்மேன் கிரிக்கெட் 14-ஐக் கொண்டுவந்தது. அதில்தான் முதல்முறையாக, பந்து கையிலிருந்து கிளம்பிய பிறகு நாமே பார்த்துக் கணிக்க வேண்டியிருந்தது. முதல் நாள் கீபோர்டுக்காரர்கள் அழுதார்கள். டக், டக், டக். பெயர்ப் பிரச்சினைக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வீரர்களையும் அணிகளையும் பயனர்களே செய்து பகிர்ந்துகொள்ளும் வசதியை ஆட்டத்துக்குள்ளேயே வைத்தார்கள். பதினாறு வயதுப் பையனாக உள்ளூர் அணியில் தொடங்கி வளர்கிற 'கேரியர்' முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஐந்து இன்னிங்ஸ் சொதப்பினால் உள்ளுக்குள் நிஜமாகவே பயம் வரும்.

அதே கம்பெனியின் 2017 ஆஷஸ் ஆட்டத்தில் பெண்கள் அணிகளும் முறையான உரிமத்தோடு வந்தன. எங்கள் வீட்டில் அதற்குத்தான் பெரிய வரவேற்பு. 2025 நவம்பரில் நவி மும்பையில் நம் பெண்கள் உலகக்கோப்பையை வென்றபோது, என் பெண் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, நம்ம கேம்ல இவங்க இருக்காங்களா?" உரிமம் என்றால் என்ன என்று பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்குவது, எல்பிடபிள்யூவை விளக்குவதைவிடக் கஷ்டம்.

பிக் ஆன்ட் மேலும் புகார் உண்டு. ஒவ்வொரு பதிப்பும் வெளியாகும் நாளில் வழுக்கள் மலிந்திருக்கும், பிறகு மாதக்கணக்கில் ஒட்டுப்போடுவார்கள். முழு விலை கொடுத்தவன் முதல் மாதம் சோதனை எலி. 'கொஞ்சம் பொறுத்து வாங்கு' என்பதே என் கட்சி.

இவ்வளவும் காசு கொடுத்து வாங்கும் ஆட்டங்கள் பற்றி. இன்றைய பிள்ளைகள் பெரும்பாலும் ஆடுவது செல்பேசியில். அதில் நமக்குப் பெருமையான பெயரும் உண்டு. வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப் செய்கிற நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா சென்னைக் கம்பெனி. 2020-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் தமிழ் வர்ணனையும் உண்டு. வீட்டில் நாம் தமிழில் கேட்டால் பிள்ளைகள் இந்தியில் பதில் சொல்லும் ஊரில், செல்பேசி தமிழில் கத்துவது கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு மராட்டிப் பையன்கூட இரண்டு சொல் கற்றுக்கொண்டான்.

ஆனால் இலவச ஆட்டங்கள் பொதுவாக வேறு மாதிரி கணக்குப் போடுகின்றன. நல்ல மட்டை வேண்டுமா, காசுக்கு நாணயம் வாங்கு. நாணயம் இல்லையா, முப்பது விநாடி விளம்பரம் பார். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. நான் சொல்வது அதையல்ல. இது சூதாட்டம் இல்லை. ஆனால் தோற்ற பிள்ளையிடம், "இன்னும் கொஞ்சம் பயிற்சி செய்" என்று சொல்லாமல் "இன்னும் கொஞ்சம் வாங்கு" என்று சொல்லும் விளையாட்டை எப்படிக் கிரிக்கெட் என்பது? 07-இல் என் பாட்னா நண்பனிடம் தோற்றால், அவன் என்னைவிட நன்றாக ஆடினான் என்று பொருள். அவன் மட்டை விலை கூடியது என்று பொருள் இல்லை.

இன்னொன்று, செல்பேசியில் பக்கத்தில் உட்கார இடமில்லை. எங்கள் குடியிருப்பில் புல்வெளியில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை. கார் கண்ணாடி உடையுமாம். மழைக்காலம் வேறு மூன்று மாதம் விடாது. பிள்ளைகள் ஆறு பேர் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து ஆறு செல்பேசியில் ஆறு தனி மேட்ச் ஆடுகிறார்கள். சண்டை இல்லை, "சீட்டிங்" இல்லை, ஒரு சத்தம் இல்லை. தங்கமணிக்கு இந்த அமைதி பிடித்திருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

வெளியூரில் பிள்ளை வளர்க்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். வாங்குவதென்றால் முழு விலைக்கு ஒரு ஆட்டத்தை வாங்குங்கள், தள்ளுபடி வரும்வரை காத்திருந்து. கூடவே கேம்பேடு இரண்டு, ஒன்று அல்ல. டிவியில் மாட்டுங்கள். மேல் மாடிப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். ஐந்து ஓவருக்கு மேல் வேண்டாம், ராத்திரிச் சாப்பாடு கெட்டுவிடும்.

டிஸ்கி: எங்கள் வீட்டு இரண்டாவது கேம்பேடை முக்கால்வாசி நேரம் வைத்திருப்பது கீழ் வீட்டு ஒடியா தாத்தா. ரிட்டையர்டு ரயில்வே. பந்தை விடுவதில் மன்னன். பன்னிரண்டு பந்தில் இரண்டு ரன் எடுத்துவிட்டு, "டெஸ்ட் மேட்ச் வைக்கலாமே" என்கிறார் :-)